கஸாக், கோசாக், கஜகஸ்தான்: ஓடிப்போனவனுக்கு வச்ச பேரு ஒரு நாட்டுக்கே பேரான கதை (கேள்வி பதில்)

கஸாக்னா என்ன அர்த்தம்? ஒரே வரில சொல்லுங்க.

தன் கூட்டத்தையும் தலைவனையும் விட்டுட்டு கிளம்பிப்போய், யாருக்கும் கணக்கு சொல்லாம ஸ்டெப்பி புல்வெளில குதிரை மேல சுத்துறவன். துருக்கிய மொழிச் சொல் இது. நம்மூர்ல சொல்ற ஓடுகாலி கொஞ்சம் கிட்ட வரும், ஆனா அதுல இருக்கற கேவலம் இதுல பாதிதான் இருக்கு. மீதி பாதி கெத்து.

இணையத்துல எங்க பாத்தாலும் "சுதந்திர மனிதன்"னு அழகா மொழிபெயர்த்து வச்சிருப்பாங்க. அது பொய் இல்ல, ஆனா அரைவாசிதான். அந்த சுதந்திர மனிதன் சாப்பாட்டுக்கு என்ன பண்ணான்னு கேட்டா, பக்கத்து கூட்டத்தோட ஆட்டு மந்தையை ஓட்டிட்டு வந்தான், வியாபாரிங்க ஒட்டகத்தை மறிச்சான், இல்லன்னா யாராவது காசு குடுத்தா அவனுக்கு காவலுக்கு நின்னான். 14ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல கருங்கடல் பக்கம் தொகுத்த கோடெக்ஸ் குமானிக்கஸ்னு ஒரு லத்தீன் பாரசீக குமான் அகராதி இருக்கு, அதுல இந்த சொல்லுக்கு காவல்னுதான் பொருள் போட்டிருக்கு. திருடனும் காவல்காரனும் ஒரே ஆளா இருந்தது நமக்கு ஒன்னும் புதுசில்ல, நம்ம பாளையக் காவல் கதைய படிச்சவங்களுக்கு தெரியும்.

வேர்ச்சொல் என்ன?

சண்டை இன்னும் முடியல. சுத்துறதுங்கற வினைலருந்து வந்ததுன்னு ஒரு கட்சி, தப்பி ஓடுறதுங்கற வினைலருந்து வந்ததுன்னு இன்னொரு கட்சி. கஜகஸ்தான்ல பாட்டிமாருங்க சொல்ற கதை வேற. "கஸ்"னா வாத்து, "அக்"னா வெள்ளை, பாலைவனத்துல சாகக் கிடந்த ஒரு வீரனுக்கு வெள்ளை வாத்து தண்ணி குடுத்து, அப்புறம் பொண்ணா மாறி அவனையே கட்டிக்கிச்சு, அவங்க பிள்ளைதான் முதல் கஸாக்னு போகும். கதை நல்லாத்தான் இருக்கு, ஆனா மொழியியல் அது இல்ல.

ஓடிப்போனவன்னு சொல்லிக்கறது அவமானம் இல்லையா?

அவங்களுக்கு இல்ல. நமக்கு நல்லா தெரிஞ்ச ஆளையே உதாரணமா எடுத்துக்கலாம், முகலாய அரசை ஆரம்பிச்ச பாபர்.

1497ல 14 வயசுல சமர்கண்டை புடிக்கிறார், புடிச்சு ஒரு நூறு நாள் கூட நிம்மதியா உக்காரல, அதுக்குள்ள சொந்த ஊரான அந்திஜான்ல தம்பி பேரைச் சொல்லி ஒரு கோஷ்டி கிளம்பிருச்சு, அதை காப்பாத்த ஓடுனா இதுவும் போச்சு அதுவும் போச்சு. திரும்ப சமர்கண்டை புடிச்சு 1501ல திரும்ப இழக்கறார். 1504ல காபூலை புடிக்கற வரைக்கும் பெரும்பாலும் நாடும் இல்ல நிலமும் இல்ல. இந்த காலத்தை அவரே தன்னோட நினைவுக்குறிப்புல "கஸாக்லிக்"னுதான் எழுதறார், அதாவது கஸாக்கா திரிஞ்ச நாட்கள்னு.

காபூலை நோக்கி கிளம்பும்போது கூட இருந்தது 200லருந்து 300 பேர்தானாம், அதுல முக்காவாசி பேர் நடந்துதான் போனாங்களாம், கையில கோலு, கால்ல முரட்டுத் தோல் செருப்பு, தோள்ல நீள அங்கி. மொத்த கூட்டத்துக்கும் ரெண்டே ரெண்டு கூடாரம், தன்னோட கூடாரத்தை அம்மாவுக்கு குடுத்துட்டு தான் ஒரு சின்ன பந்தல் மாதிரி போட்டு உக்காந்தேன்னு எழுதறார். பின்னாடி டில்லி வரைக்கும் புடிச்ச மனுஷன் இதை மறைக்கல, பெருமையாவே எழுதி வச்சிருக்கார்.

இதுல ஒரு அரசியல் கணக்கும் இருக்கு. கஷ்டகாலத்துல கூட திரிஞ்சவன்தான் பின்னாடி நம்பிக்கையான தளபதி. "நான் உங்க கூட கஸாக்லிக்ல இருந்தவன்"ங்கறது அந்த ஊர்ல பெரிய தகுதி, நம்ம கட்சிகள்ல ஜெயிலுக்கு போனவங்களுக்கு தனி மரியாதை இருக்கே, அந்த ரகம். அதனால தைமூர் வம்சத்து இளவரசனா பொறந்தா ஒரு சுத்து கஸாக்கா அலையறது ஏறக்குறைய பாடத்திட்டம் மாதிரியே ஆயிடுச்சு. சமர்கண்டுலருந்து பாபரை துரத்துன முகமது ஷைபானி கானும் அதுக்கு முன்னாடி இதே மாதிரி அலைஞ்ச ஆள்தான்.

ஆக அப்போ இது ஒரு நிலைமையோட பேரு. பரம்பரைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இன்னைக்கு கஸாக், நாளைக்கு ராஜா, நாளன்னிக்கு மறுபடியும் கஸாக்.

அப்போ கஜகஸ்தான்ங்கற நாட்டுக்கு ஏன் இந்த பேரு வந்துச்சு?

அலைஞ்சவங்க திரும்பி வராம அங்கயே கூட்டமா தங்கிட்டதால.

15ஆம் நூற்றாண்டு நடுவுல உஸ்பெக் கூட்டத்துக்கு அபுல்கைர் கான்னு ஒரு கடுமையான ஆள் தலைவர். 1457ல ஒய்ராத்துங்க (மேற்கு மங்கோலிய கூட்டம்) வந்து அவரை நல்லா அடிச்சு போட்டாங்க, மானம் போச்சு. அவருக்கு கீழ இருந்த ஜானிபெக், கெரெய்னு ரெண்டு பேர், அவங்களும் செங்கிஸ்கான் வம்சம்தான், இனி இவருக்கு கீழ இருக்க முடியாதுன்னு தங்களோட ஆளுங்க, ஆடு, குதிரை எல்லாத்தையும் ஓட்டிக்கிட்டு கிழக்கால போயிட்டாங்க. கிழக்கால பக்கத்து நாடான மொகுலிஸ்தானோட தலைவர் ஏசன் புகா அவங்களை வரவேற்று மேற்கு எல்லையில சூ ஆத்துப் பக்கம் இடம் குடுத்தார். அவருக்கும் இதுல லாபம் இருக்கு, எல்லையில அடியாட்கள் சும்மா கிடைச்சாங்களே.

1468ல அபுல்கைர் கான் செத்ததும் அவர் கூட்டம் செதறுது. ஆளுங்க ஜானிபெக் கெரெய் பக்கம் வந்து சேர ஆரம்பிச்சாங்க, அது ரெண்டு லட்சம் வரைக்கும் போச்சுன்னு மிர்சா ஹைதர் எழுதறார் (அந்த காலத்து எண்ணிக்கையை அப்படியே நம்ப வேணாம், ஆனா பெரிய கூட்டம்னு புரிஞ்சுக்கலாம்). ஓடிப்போய் தனியா சுத்துனதால இவங்களை "உஸ்பெக் கஸாக்"னு கூப்பிட்டாங்க. போகப்போக உஸ்பெக்ங்கற பாதி உதிந்துபோச்சு, கஸாக் மட்டும் நின்னுச்சு. அபுல்கைரோட பேரன்தான் நம்ம ஷைபானி கான், அவர் கூட தெக்கால போனவங்க உஸ்பெக்குங்கற பேரோட இருந்துட்டாங்க. வடக்குல இருந்தவங்களுக்கு கஸாக். இன்னைக்கு ரெண்டு நாடு, ரெண்டு பேரு, பிரிஞ்சது ஒரு தலைவரை புடிக்காம போனதுல.

இந்த கதையை எழுதுன மிர்சா ஹைதர் யாருன்னா பாபரோட சித்தி பையன் (பாபர் அம்மாவும் இவர் அம்மாவும் அக்கா தங்கச்சி). 1540லருந்து காஷ்மீரை ஆண்டவர், இந்த வரலாற்றை எழுதுனதும் காஷ்மீர்ல உக்காந்துதான். கஜகஸ்தான் பொறந்த கதைக்கு முக்கியமான சாட்சி நம்ம ஊர்ல எழுதுனதுங்கறது எத்தனை பேருக்கு தெரியும்! அவர் குடுத்த வருஷக் கணக்கை வச்சுதான் 2015ல கஜகஸ்தான்ல 550ஆவது ஆண்டு விழா கொண்டாடுனாங்க, அதாவது 1465லருந்து.

ரஷ்யாவுல கோசாக்னு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒன்னா?

சொல் ஒன்னு, ஆளுங்க வேற. கோசாக்னா ரஷ்யா, உக்ரைன் எல்லைப் புல்வெளில கூட்டமா இருந்த குதிரை வீரனுங்க. முதல்ல வந்த கோசாக்குகள்ல நிறைய பேர் துருக்கிய மொழி பேசுற தாத்தார்தான், மாஸ்கோவுக்கும் லித்துவேனியாவுக்கும் எல்லையில கூலிக்கு காவல் நின்னவங்க. அவங்ககிட்டருந்து பேரு ஸ்லாவ் மக்களுக்கு போச்சு. ரஷ்ய நாளாகமத்துல 1444லயே ரியாசான் கோசாக்குகள்னு வருது. 1492ல கிரிமியாவோட கான், உங்க ஊர் ஆளுங்க நீப்பர் ஆத்து முகத்துவாரத்துல கப்பலை கொள்ளையடிச்சிட்டாங்கன்னு லித்துவேனியாவுக்கு புகார் பண்றார். அத்தமான் (தலைவர்), கோஷ் (பாசறை), குரேன் (பாசறைக்குள்ள ஒரு பிரிவு)னு கோசாக்குங்க பேச்சுல வர்ற பாதி சொல்லு துருக்கியத்துலருந்து வந்ததுதான்.

அவங்க யாரை விட்டு ஓடுனாங்க?

நிலக்கிழாரை விட்டு. இது கொஞ்சம் நிதானமா பாக்க வேண்டிய விஷயம், ஏன்னா கோசாக்னாலே மீசை, குதிரை, வாளு, டான்ஸ்னு நினைச்சுக்கறோம், அடியில இருக்கறது பண்ணையடிமை விவகாரம்.

ரஷ்யாவுல விவசாயிக்கு ஒரு காலத்துல ஒரு உரிமை இருந்துச்சு. நவம்பர் 26 யூரி தினம், அதுக்கு ஒரு வாரம் முன்ன ஒரு வாரம் பின்ன, கடனை அடைச்சுட்டு வேற பண்ணைக்கு போயிக்கலாம். 1580கள்லருந்து "இந்த வருஷம் போகக்கூடாது"ன்னு ஆரம்பிச்சு அந்த உரிமை அப்படியே காணாம போச்சு. "இந்தா பாட்டி, இதுதான் உன் யூரி தினம்"னு ரஷ்யாவுல இன்னும் ஒரு பழமொழி இருக்கு, எதிர்பாத்தது கையை விட்டு போனா சொல்றது. 1597ல ஓடிப்போனவனை அஞ்சு வருஷம் வரைக்கும் தேடி புடிக்கலாம்னு சட்டம். அஞ்சு வருஷம் ஒளிஞ்சிருந்தா தப்பிச்சேன்னு அர்த்தம். 1649 சட்டத்தொகுப்பு வந்து அந்த கெடுவையும் தூக்கிருச்சு, எத்தனை வருஷம் ஆனாலும் புடிக்கலாம், பொண்டாட்டி பிள்ளையோட சேத்து இழுத்துட்டு வரலாம்.

அப்போ எங்க போறது? தெக்கால, டான் ஆத்துப் பக்கம், ஜாரோட கை எட்டாத இடத்துக்கு. போலந்துக்கு கீழ இருந்த உக்ரைன் விவசாயிங்க நீப்பர் ஆத்துப் பாறைகளுக்கு அந்தாண்ட போனாங்க. பட்டாளத்தை விட்டு ஓடுனவன், கடன்காரன், பழைய மத முறையை விடமாட்டேன்னு வந்தவன், எல்லாரும் அங்கதான்.

"டான்லருந்து யாரையும் திருப்பி தரமாட்டோம்"னு ஒரு வசனம் சொல்வாங்களே, நிஜமா?

வசனம் நிஜம். ஓடி வந்தவனை திருப்பி அனுப்பறதில்லைங்கறது டான் கோசாக்குங்களோட பெரிய பெருமை, ரொம்ப காலம் கடைபுடிக்கவும் செஞ்சாங்க. ஆனா முழுசா நம்பிடாதீங்க.

முன்னாடியே வந்து வீடு, மீன்புடி உரிமைன்னு செட்டில் ஆனவங்க ஒரு வர்க்கம், நேத்து ஓடி வந்த வெறுங்கை ஆளுங்க இன்னொரு வர்க்கம், பின்னவங்களுக்கு அங்க பேரே அம்மணக்கட்டைங்கற மாதிரிதான். இந்த வெறுங்கை கூட்டத்தை சேத்துக்கிட்டு 1670ல ஸ்டெங்கா ராசின்னு ஒரு டான் கோசாக் வோல்கா நெடுக ஊர் ஊரா புடிச்சுட்டு போனார், நிலக்கிழார்களை தூக்குல போட்டார், பண்ணை ஆவணங்களை கொளுத்துனார். சிம்பிர்ஸ்க்ல தோத்துட்டு டானுக்கு திரும்பி வந்தா, 1671ல அவரை புடிச்சு மாஸ்கோவுக்கு குடுத்தது யாரு? டான் கோசாக் பெரியவங்களே. அதுக்கு தலைமை தாங்குன அத்தமான் கொர்னீலோ யாகவ்லெவ் ராசினுக்கு ஞானத்தகப்பன். மாஸ்கோவுல வெட்டி கொன்னாங்க.

1707ல ஜார் பெரிய பீட்டர் ஆளனுப்பி ஓடிப்போனவங்களை ஊர் ஊரா கணக்கெடுக்க ஆரம்பிச்சதும் பூலாவின்னு இன்னொரு அத்தமான் எழுந்தார், அவருக்கும் முடிவு சொந்த ஆளுங்க கையாலதான்.

சிச்னா என்ன? அங்க எப்படி இருந்தாங்க?

நீப்பர்ல வரிசையா பாறை அருவிகள், படகு போக முடியாது, அதுக்கு கீழ தீவுகள்ல மரத்தை வெட்டி வேலி போட்டு கட்டுன பாசறைதான் சிச். பொம்பளைங்களுக்கு அனுமதி இல்ல. வர்றவன் பேரு என்ன, எங்கருந்து ஓடி வந்தேன்னு யாரும் குடையறதில்ல, சிலுவை போட்டுக்க தெரிஞ்சா போதும்.

தலைவரை கூட்டம் கூடி கத்தித்தான் தேர்ந்தெடுப்பாங்க. ஜெயிச்சவர் உடனே ஒத்துக்கக்கூடாது, வேணாம் வேணாம்னு மறுக்கணும், அப்புறம் இழுத்துட்டு வந்து நிறுத்துவாங்க, கிழவனுங்க வந்து தரையிலருந்து சேறை அள்ளி அவர் தலையில பூசுவாங்க, மழை பேஞ்சிருந்தா அது மூஞ்சி வழியா வழியும். நீ எங்கள்ல ஒருத்தன்டா, அதை மறந்துடாதங்கறதுக்கு. நம்ம ஆளுங்க பதவி ஏற்புல இதை கொண்டு வரலாம்னு தோணாம இல்ல.

தலையை மழிச்சு நடுவுல விடற ஒத்தை குடுமிக்கு பேரு "ஒசெலெதெத்ஸ்", அதாவது ஹெரிங் மீன். சாய்க்கான்னு படகு கட்டுவாங்க, குடைஞ்ச மரத்தை அடியா வச்சு மேல பலகை அடிச்சு, ரெண்டு பக்கமும் நாணல் கட்டுகளை வரிஞ்சு கட்டிருப்பாங்க, தண்ணி உள்ள வந்தாலும் முழுகாது, முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் சுக்கான் இருக்கறதால திருப்பவே வேணாம். அம்பது அறுவது பேர் ஒரு படகுல. இதுல கருங்கடலை தாண்டி 1615ல இஸ்தான்புல் ஓரம் வரைக்கும் போய் கொளுத்திட்டு வந்தாங்க.

போலந்து அரசு சும்மா விட்டுச்சா?

விடல, சம்பளம் குடுத்துச்சு! 1572ல முந்நூறு பேரை பதிவேட்டுல ஏத்தி இவங்க மட்டும்தான் கோசாக்னு சொல்லிருச்சு. மீதி பேர்? சட்டப்படி ஓடிப்போன பண்ணையாள். பின்னாடி நடந்த கலகம் பூராவும் இந்த பதிவேட்டுல எத்தனை பேருங்கற சண்டைலதான் வந்து நிக்கும். 1648ல பெரிய கலகத்தை நடத்துன போக்தான் ஹ்மெல்னித்ஸ்கி பதிவேட்டு கோசாக்தான், பக்கத்து அதிகாரி ஒருத்தன் அவர் பண்ணையை புடுங்கிக்கிட்டான், நியாயம் கிடைக்கல, சிச்சுக்கு ஓடுனார். அதுக்கப்புறம்தான் கலகம்.

1773ல பெரிய கலகம் நடத்துன புகச்சோவ் உண்மையிலேயே பட்டாளத்தை விட்டு ஓடுனவரா?

ஆமா, இந்த பக்கத்துக்கு அவர்தான் சரியான ஹீரோ. டான் கோசாக், ராசின் பொறந்த அதே ஊர்னு சொல்வாங்க. துருக்கிக்கு எதிரான போர்ல 1770ல பெந்தேர் கோட்டை முற்றுகைல இருந்தார், உடம்பு முடியல, விடுவிங்கன்னு கேட்டார், விடல, ஓடிட்டார். புடிச்சாங்க, மறுபடி ஓடுனார், மறுபடி புடிச்சாங்க, கசான் சிறைலருந்தும் ஓடுனார்.

1773ல யாயிக் ஆத்துப் பக்கம் போய் நான்தான் செத்துப்போனதா சொன்ன மூணாம் பீட்டர் ஜார்னு அறிவிச்சார். எழுதப் படிக்கவே தெரியாது, சொல்லச் சொல்ல கூட இருந்தவங்கதான் எழுதுனாங்க. முதல் அறிக்கைல யாயிக் கோசாக்குகளுக்கு என்ன தர்றேன்னு சொன்னார் தெரியுமா: ஆறு மேல ஆரம்பிக்கற எடத்துலருந்து கடல்ல விழற வரைக்கும், நிலம், புல்லு, காசு, ஈயம், வெடிமருந்து, தானியம். அவங்களுக்கு வேணுங்கறதை அப்படியே பட்டியல் போட்ட மாதிரி இருக்கும். பாஷ்கிர், தாத்தார், சுரங்கத் தொழிலாளி, பண்ணையடிமை எல்லாரும் சேந்தாங்க, கஸாக் மக்கள்லயும் சில பேர் வந்தாங்க. கடைசில இவரையும் கூட இருந்த கோசாக்குங்களே கட்டி குடுத்தாங்க, 1775 ஜனவரில மாஸ்கோவுல தலை போச்சு.

அப்போ ரஷ்யாவை ஆண்ட கேத்தரீன் ராணிக்கு வந்த கோவத்துல யாயிக் ஆத்து பேரையே மாத்தி உரால்னு வச்சாங்க, பேரு கூட யாருக்கும் ஞாபகம் வரக்கூடாதாம். அந்த கலகம் ஆரம்பிச்ச யாயிக் ஊர் உரால்ஸ்க்னு ஆச்சு, இன்னைக்கு அது கஜகஸ்தானுக்குள்ள இருக்கு.

அப்புறம் எப்படி இவங்களே ஜாரோட அடியாளா ஆனாங்க?

அதே 1775ல சிச்சையும் படை அனுப்பி இடிச்சாங்க. கடைசி தலைவர் கல்னிஷெவ்ஸ்கியை வெள்ளைக்கடல்ல சொலவெத்ஸ்கி மடத்துல அடைச்சு 1801லதான் விட்டாங்க. மத்தவங்க? கொஞ்ச பேர் துருக்கி சுல்தான்கிட்ட ஓடுனாங்க, கொஞ்ச பேருக்கு 1792ல குபான் ஆத்துப் பக்கம் நிலம் குடுத்து காக்கேசிய எல்லைக்கு காவல் வச்சாங்க. நிலம் உண்டு, தலைவரி இல்ல, பண்ணையடிமை இல்ல, பதிலுக்கு குதிரையும் சீருடையும் சொந்த காசுல வாங்கிட்டு பட்டாளத்துக்கு வரணும். நல்ல டீல்தான், ஒரு தலைமுறை போனா ஓடுன தாத்தாவை யார் நினைக்கறா. 1905ல பீட்டர்ஸ்பர்க் தெருவுல தொழிலாளிங்க முதுகுல சாட்டை வீசுனது இதே கோசாக்தான். சோவியத் காலத்து ரஷ்ய மொழிபெயர்ப்புகளை படிச்ச நம்ம ஆளுங்களுக்கு கோசாக்னா முதல்ல ஞாபகம் வர்றது அந்த சாட்டைதான்.

திரும்பவும் ஓடுனவங்க யாராவது இருக்காங்களா?

நெக்ராசோவ் கோசாக்குங்க. பூலாவின் கலகம் தோத்ததும் இக்னாத் நெக்ராசோவ் 1708ல தன் ஆளுங்களை கூட்டிட்டு குபானுக்கும், அங்கருந்து அவங்க வாரிசுங்க துருக்கி சுல்தானோட நாட்டுக்கும் போயிட்டாங்க. ஜார் ஆளற வரைக்கும் ரஷ்யாவுக்கு திரும்பறதில்லைன்னு கட்டுப்பாடு வச்சுக்கிட்டு 250 வருஷம் ரஷ்ய மொழி, தாடி, பழைய பூசை முறைன்னு இருந்தாங்க. 1962ல ஏறக்குறைய ஆயிரம் பேர் சோவியத்துக்கு கப்பல் ஏறி திரும்பினாங்க, ஜார் இல்லைல!

ஒரே பேர்ல ரெண்டு மக்கள், குழப்பம் வரலையா?

வந்துச்சு. ரஷ்யா உரால் ஓரமாவும் இர்த்திஷ் ஓரமாவும் கோசாக் கோட்டைகளை வரிசையா கட்டுனது கஸாக் மேய்ச்சல் நிலத்தை ஒட்டி. ரெண்டு பக்கமும் ஒரே பேரு. அதனால ரஷ்ய அதிகாரிங்க கஸாக் மக்களை "கிர்கிஸ்", "கிர்கிஸ் கைசாக்"னு எழுத ஆரம்பிச்சாங்க, நிஜ கிர்கிஸ் மக்கள் தனியா இருக்கும்போதே! 1920ல சோவியத் அமைச்ச குடியரசுக்கும் கிர்கிஸ்னுதான் பேரு, 1925லதான் சரியான பேரு வந்துச்சு. 1936ல ரஷ்ய எழுத்துல கடைசி "க்"கை மாத்தி தொண்டைக்காத்து மாதிரி ஒரு ஒலி போட்டாங்க, கோசாக்லருந்து பிரிச்சு காட்ட. அந்த ஒலிதான் ஆங்கிலத்துக்கும் போச்சு, கஸாக் மக்கள் தங்களோட மொழில அதை போடறதே இல்ல.

இந்தியாவுக்கு இந்த சொல் வந்துச்சா?

வந்துச்சு, ரெண்டாவது அர்த்தத்தோட. உருதுல கஸ்ஸாக்னா வழிப்பறிக்காரன். பாரசீகத்துல எழுதுன வரலாற்றுக்காரங்க மராத்தியரோட அடிச்சுட்டு மறையற குதிரைப்போரை கஸ்ஸாக்கின்னு எழுதுவாங்க. ஹைதர் அலி படையில சம்பளத்தை விட கொள்ளையை நம்பி இருந்த லேசான குதிரைப்படைக்கும் இதே பேருதான். 1780ல ஹைதர் கர்நாடகப் பகுதிக்குள்ள இறங்கி ஆற்காட்டு சுத்துவட்டாரத்தை பொசுக்குனப்போ முன்னாடி வந்தது இந்த மாதிரி குதிரைங்கதான்.

இப்போ கஜகஸ்தான்காரங்க கிட்ட இந்த அர்த்தத்தை சொன்னா கோவிச்சுக்குவாங்களா?

எப்படி சொல்றீங்கங்கறதை பொறுத்து. பள்ளிக்கூட பாடத்துலயே ஜானிபெக் கெரெய் வெளியேறுன கதை இருக்கு, அது அவங்களுக்கு பெருமை. அங்க மருத்துவம் படிக்கற நம்ம பசங்க நிறைய பேர் இருக்காங்க, கிளாஸ்மேட்கிட்ட "உங்க பேருக்கு திருடன்னு அர்த்தமாமே"ன்னு ஆரம்பிக்காம, ஜானிபெக் எதுக்கு கிளம்புனார்னு கேட்டு பாருங்க, டீ ஆறிப்போற வரைக்கும் பேசுவாங்க. கோசாக்கும் கஸாக்கும் ஒரே ஆளுங்கதானேன்னு மட்டும் கேட்டுடாதீங்க, அதுக்கு நிச்சயமா கோவம் வரும்.